இரவு வியாபாரமும் பகல் உறக்கமும்

கோயம்பேட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவருக்குப் பொழுது விடிவது இரவு பத்து மணிக்கு. லாரிகள் வந்து நிற்க, மூட்டை இறக்கி, எடை போட்டு, சில்லறை வியாபாரிகளுக்குச் சரக்கு கொடுத்து, கணக்கை முடித்து வீடு திரும்பும்போது காலை எட்டு அல்லது ஒன்பது ஆகிவிடும். 1996-இல் கொத்தவால் சாவடியிலிருந்து மார்க்கெட் இங்கே மாறியது. இடம் மாறியதே தவிர நேரம் மாறவில்லை. மற்ற ஊர்களின் மொத்த மார்க்கெட்டுகளிலும், பூ வியாபாரத்திலும், பால் விநியோகத்திலும் இருக்கும் நம்மவர்கள் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஊரே எழுந்து நடமாடும் நேரத்தில் நாம் படுக்கிறோம்.

படுக்கிறோம், ஆனால் உறங்குகிறோமா? மூன்று மணி நேரம் கண்ணயர்ந்தால் பெரிது என்று சொல்பவர்களே நம்மில் அதிகம். இதை வயதின் கோளாறு, சர்க்கரையின் கோளாறு என்று எண்ணி மருத்துவரிடம் போவதில் தவறில்லை. ஆனால் முதலில் படுக்கும் அறையைப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

உருளைக்கிழங்கு மூட்டையை வெளிச்சத்தில் போட்டால் பச்சை கட்டும் என்று இருட்டில் அடுக்குகிறோம். வெங்காயம் காற்றோட்டமில்லாமல் புழுங்கினால் அழுகும் என்று இடைவெளி விட்டு வைக்கிறோம். சரக்குக்கு இவ்வளவு பார்க்கிற நாம், வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடியை ஒட்டிய அறையில், கிழக்குச் சன்னலில் மெல்லிய பூப்போட்ட திரையோடு படுத்துக்கொள்கிறோம்.

உடம்புக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. அது எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இரவில் உடம்பின் சூடு தானே இறங்கும். விடியற்காலை நாலு மணி வாக்கில் மிகக் குறைவாக இருந்து, பிறகு ஏறத் தொடங்கும். இருட்டினால் மெலடோனின் என்ற சுரப்பு ஊறி உறக்கத்துக்கு வழி விடும். கண்ணில் வெளிச்சம் பட்டால் அது அடங்கிவிடும். நாம் படுக்கும் காலை ஒன்பது மணிக்கு உடம்பு சூடேறிக்கொண்டிருக்கிறது, வெளிச்சமும் கூடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இரவில் உறங்குபவருக்குப் போதுமான அறை நமக்குப் போதாது. அவர் அறையைவிட நம் அறை குளிர்ச்சியாகவும் இருட்டாகவும் இருந்தாக வேண்டும்.

இதற்கு ஏசி ஒன்றே வழி என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை பல உண்டு, அவற்றுக்கு ஆகும் செலவும் மிகக் குறைவு. முதலாவது சன்னல் விஷயம். பெரும்பாலான வீடுகளில் இரவு கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து எல்லாச் சன்னலையும் சாத்துகிறார்கள். காலையில் எழுந்ததும் காற்று வரட்டும் என்று திறக்கிறார்கள். பகலில் உறங்குபவருக்கு இது நேர் தலைகீழ். அந்த அறையின் சன்னல்கள் இரவு முழுக்கத் திறந்திருந்து, சுவரும் தளமும் பகலில் வாங்கிய சூட்டைக் கக்கிவிட வேண்டும். வெயில் ஏறும் முன், ஏழரை எட்டு மணிக்குள், சாத்திவிட வேண்டும். கம்பிக்கும் கொசுவலைக்கும் ஒருமுறை செலவு செய்தால் திருட்டுப் பயமும் கொசுத் தொல்லையும் தீர்ந்தது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் மட்டும், கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று இறங்கிவிட்டால் கிழக்குச் சன்னலைக் கொஞ்சம் திறந்துவிடலாம்.

எந்த அறையில் படுப்பது? கீழ்த்தளம் இருக்க மாடியில் படுப்பது வீண். கான்கிரீட் தளம் காலையில் வாங்கும் வெயிலைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். எனவே மாடியில்தான் படுக்க வேண்டுமென்றால், வந்தவுடன் குளித்து, சாப்பிட்டு, உடனே படுத்துவிட வேண்டும். பேப்பர் படித்து, டி.வி. பார்த்து, பதினோரு மணிக்குப் படுத்தால் தளம் சுடும் நேரத்தில் விழிப்பு வந்துவிடும். கிழக்கு அறையை விட்டுவிடுங்கள். வடக்கு அறையோ, வீட்டின் நடுவில் சாமான் போட்டு வைக்கும் அறையோ உத்தமம். மேற்கு அறைகூட, இரவில் நன்றாக ஆறவிட்டிருந்தால், மதியம் வரை தாங்கும். மொட்டை மாடிக்குக் கோடைக்கு முன் பசை கலந்து வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது பழைய வழக்கம். அது இன்றும் பலன் தருகிறது.

திரை வாங்கும்போது கனமான கறுப்புத் திரை என்று கேட்டு வாங்குகிறார்கள். இருட்டுக்கு அது சரி, குளிர்ச்சிக்கு அது மட்டும் போதாது. கண்ணாடி வழியே வெயில் உள்ளே வந்தபிறகு திரை தடுத்தால், சூடு திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்று அறைக்குள்தான் இறங்கும். வெயிலைச் சன்னலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். மூங்கில் திரை, கீற்றுத் தட்டி, நர்சரியில் கட்டும் பச்சை நிழல் வலை, எதுவாயினும் வெளியே தொங்கட்டும். உள்ளே இருட்டுக்கு நம்மிடம் இருக்கும் அட்டைப்பெட்டியே போதும். சன்னல் அளவுக்கு வெட்டி, வெளிப்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டிச் செருகிவிடலாம். கதவின் அடியில் வரும் வெளிச்சத்துக்கு ஒரு மடித்த சாக்கு.

மதுரை, திருச்சி, வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் வெட்டிவேர்த் தட்டியோ ஏர்கூலரோ நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒரு சன்னலைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அறை புழுங்கும். சென்னை, தூத்துக்குடி ஈரக்காற்றில் அவற்றுக்குச் செலவிடுவது பெரும்பாலும் நஷ்டம். மின்விசிறி அறையைக் குளிரவைப்பதில்லை, வியர்வையைத்தான் ஆற்றுகிறது. ஆகவே ஆளில்லாத அறையில் ஓடவிட்டு அறையைக் குளிர்விக்கிறேன் என்பது வீண் செலவு. ஏசி வைத்திருப்பவர்கள் 26 டிகிரி வைத்து விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் பில் தாங்கும். 2020 முதல் நம் நாட்டில் விற்கும் ஏசிகள் 24-இல் தொடங்குமாறு அமைத்தே வருகின்றன. ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் துறையினர் சொல்லும் கணக்கு.

கொசுவலையைப் பகலிலும் கட்ட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும். பகலில் படுப்பவர்தான் அதற்கு முதல் இரை.

இனி எழுதப்போவதைக் கடைப் பையன்கள் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். இருட்டாக இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது என்று குடோனில் மூட்டைகளுக்கு நடுவே பையன்கள் படுப்பது நம் கடைகளில் சர்வசாதாரணம். அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு வண்டு பிடிக்காமலிருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. உறங்குபவனுக்கு வாடையும் தெரியாது. மாத்திரை வைத்த குடோனில் மட்டுமல்ல, அதை ஒட்டிய அறையிலும், மேலே பலகைத் தட்டிலும் எவரும் படுக்கக்கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிமருந்து வைத்த வீட்டில், ஏசி போட்டு மூடிய அறையில் உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனதை நாம் பத்திரிகைகளில் படித்தோம். மிளகாய் வற்றல் குடோனில் படுப்பதும் மூச்சுக்கு ஆகாது. பையன்களுக்குத் தனியாக ஓர் அறை, அதற்கு ஒரு விசிறி, சன்னலுக்கு ஓர் அட்டை: இந்தச் செலவை முதலாளி ஏற்கத்தான் வேண்டும். ஒரு மூட்டை பருப்பின் விலைக்குள் இதில் பாதி முடிந்துவிடும்.

அறை சரியாகிவிட்டால் எஞ்சியது வீட்டாரின் ஒத்துழைப்பு. அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்து வைக்கலாம். போனை அறைக்கு வெளியே, வீட்டார் கையில் கொடுத்துவிடலாம். வசூலுக்கு அழைப்பவர் மதியம் இரண்டு மணிக்கு மேல் அழைக்கட்டும். மார்க்கெட்டில் குடிக்கும் கடைசி டீயை விடியற்காலை நாலு மணியோடு நிறுத்துவது நல்லது. டீ வேகம் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போலாகும். வீடு திரும்பும்போது முகத்தில் அடிக்கும் வெயில் உறக்கத்தை விரட்டும் என்பதால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், ஆனால் இதை வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவருக்குத்தான் சொல்கிறோம். கண்ணைச் சொருகும் நிலையில் டூவீலரை எடுப்பவர், மார்க்கெட்டிலேயே அரை மணி படுத்தெழுந்து கிளம்பட்டும்.

அப்படிப் படுக்க மார்க்கெட்டில் இடம் எங்கே என்று உறுப்பினர்கள் கேட்பது நியாயமே. லாரி டிரைவர்கள் வண்டிக்கு அடியிலும், சுமைதூக்குவோர் காலி மூட்டைகளின் மேலும் வெயிலில் கிடப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். ஒவ்வொரு மார்க்கெட் சங்கமும், பூட்டிக் கிடக்கும் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து, நாலு விசிறியும் வெளியே நிழல் வலையும் கட்டி, காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை ஓய்வறையாக விடலாம். அடுத்த பொதுக்குழுவில் இதற்கென ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்பும் உறுப்பினர்கள், தங்கள் பகுதியில் இடமும் வாடகையும் விசாரித்துக்கொண்டு வந்தால் பேச்சு விரைவில் முடியும்.