அதிகாலை 3 மணிக்கு விழிப்பு வருகிறதா? காரணம் வயசு மட்டுமல்ல!

அதிகாலை 3 மணி. வீடே தூங்கிக்கொண்டிருக்கும். உங்களுக்கு மட்டும் சட்டென்று விழிப்பு வரும். பாத்ரூம் போய்விட்டு வந்து படுத்தால் தூக்கம் பிடிக்காது. ஃபேன் சத்தத்தைக் கேட்டபடி புரண்டுகொண்டிருக்க வேண்டியதுதான். 'வயசாகிடுச்சு, அப்படித்தான்' என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால், இதற்குப் பின்னால் கவனிக்க வேண்டிய காரணங்கள் இருக்கலாம்.

விழிப்பே வரக் கூடாதா?

அப்படியில்லை. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது லேசாக விழிப்பது எல்லோருக்கும் உண்டு. காலையில் அது ஞாபகமே இருக்காது. பின்னிரவில் ஆழ்ந்த தூக்கம் குறைவு என்பதால், அப்போது சின்ன சத்தம்கூட எழுப்பிவிடும்.

அடிக்கடி சிறுநீர்

இரவில் ஒருமுறை எழுந்து போவது பெரிய விஷயமில்லை. தினமும் இரண்டு, மூன்று முறை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் கூடினால், அது சிறுநீரில் வெளியேறும்போது உடலின் நீரையும் இழுத்துச் செல்லும். 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் காரணமாகலாம். பி.பி-க்குத் தரப்படும் சில மாத்திரைகளும் சிறுநீரை அதிகமாக்கும். அவற்றை எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

குறட்டையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

பலமாகக் குறட்டை விடுபவர் திடீரென அமைதியாகி, சில விநாடிகள் கழித்துத் திணறி மூச்சு இழுக்கிறாரா? அது 'ஸ்லீப் ஆப்னியா'வாக இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, மூளை அவரை எழுப்பிவிடுகிறது. பாத்ரூம் போகத்தான் எழுந்தோம் என்று நினைப்பவர்கள் சிலரை எழுப்புவதும் இந்தத் திணறல்தான். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதய நோய் வரை போகலாம். இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடுவது ஆபத்து.

காபியும் லேட் டின்னரும்

மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் கஃபைனில் ஏறக்குறைய பாதி, இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். மது சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் எழுப்பும். மெனோபாஸ் நேரத்தில் பெண்கள் உடல் சூடேறி வியர்த்து விழிப்பதும் சகஜம்.

விழித்துவிட்டால் என்ன செய்வது?

மணி பார்க்காதீர்கள், போனை எடுக்காதீர்கள். 20 நிமிடங்கள் ஆகியும் தூக்கம் வராததுபோல் தோன்றினால், எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்காருங்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது படுங்கள். எப்போது தூங்கினாலும், காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள்.

வாரத்தில் 3 நாள்கள், 3 மாதங்களுக்கு இப்படியே தொடர்ந்தால் டாக்டரைப் பார்ப்பது அவசியம். மூச்சுத்திணறலோ அதிக தாகமோ இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். குறட்டையைக் கிண்டல் செய்வதோடு விட்டுவிடாமல், மறுநாளே அவரிடம் சொல்லி டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்!