ரிசல்ட் வர்ற வரைக்கும்... வயிறே, கொஞ்சம் பொறு!

பெரும்பாறை பஸ்ல ஏறும்போது நீங்க என்ன தேடுவீங்க? ஜன்னல் சீட்? நான் முதல்ல தேடுறது பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையை! ரெண்டு மாசமா அப்படித்தான். மலை ஏற ஆரம்பிச்சுட்டா கொண்டை ஊசி வளைவுதான் வரும், டாய்லெட் வராது!

மேட்டர் இதுதான் பாஸ்... தினமும் ஆறேழு தடவை வயித்தால. அடிவயித்துல முறுக்கல். எடை ஆறு கிலோ அவுட். 'மெஸ் சாப்பாடுதான் காரணம்'னு ஒரு மாசம் சமாளிச்சேன். அடுத்த மாசம் அரியரை மறைக்கிற மாதிரி வீட்டுல மறைச்சேன். ஒருநாள் ரத்தம் வந்துச்சு. அப்புறம்தான் டாக்டர்.

கேமரா குழாய் விட்டு குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோப்பி முடிஞ்சுது. சின்னச் சின்ன சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியாச்சு. இப்போ ரிசல்ட்டுக்காக வெயிட்டிங். எங்க ஊர்ல, காபிச் செடிகளுக்கு நடுவுல உட்கார்ந்துதான் இதை எழுதுறேன். இதே பயத்தோட ஏதோ ஒரு ஹாஸ்டல்ல நடுராத்திரி முழிச்சுக்கிட்டு இருக்கிற உங்களுக்காக!

ஏன் இவ்ளோ லேட்?

'பார்த்தாச்சுல்ல... என்ன வியாதினு சொல்ல வேண்டியதுதானே?' எனக்கும் இதே கடுப்புதான். ஆனா, நம்ம ஊர்ல ஒரு சிக்கல் இருக்கு. நுரையீரலைத் தாக்குற அதே டி.பி. குடலையும் தாக்கும். 1932-ல் நியூயார்க் டாக்டர்கள் கட்டுரையா எழுதி உலகத்துக்குத் தெரிஞ்சது க்ரோன்ஸ் என்கிற குடல் அழற்சி நோய். ரெண்டுமே சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற இடத்துல வர்றதுதான் அதிகம். கேமராவுல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும்!

ஆனா மருந்து? நேர் எதிர். க்ரோன்ஸுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்குற ஸ்டீராய்டு மாதிரி மருந்து. அதையே டி.பி. இருக்கிறவங்களுக்குக் கொடுத்தா கிருமி குஷியாகிடும். அதனாலதான் பயாப்ஸி, கிருமி டெஸ்ட்னு போகுது. டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். அப்பவும் தெளிவு கிடைக்கலைனா, முதல்ல டி.பி. மருந்து கொடுத்து, ரெண்டு மூணு மாசத்துல புண் ஆறுதானு மறுபடி கேமரா விட்டுப் பார்ப்பாங்க. ஸோ... லேட் ஆகுதுனா டாக்டர் தூங்குறார்னு அர்த்தம் இல்ல!

எல்லாமே பயங்கரம்தானா? இல்ல. பலருக்குக் கடைசியில வர்றது ஐ.பி.எஸ். (போலீஸ் இல்லீங்க, 'எரிச்சல் குடல்' பிரச்னை!). அதுல குடலில் புண் இருக்காது. ஆனா ரத்தம், எடை குறைவு, காய்ச்சல், தூக்கத்துலேர்ந்து எழுப்புற பேதி... இதுல ஒண்ணு இருந்தாலும் 'டென்ஷன்தான்'னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.

அதுவரைக்கும் என்ன பண்றது?

* எத்தனை தடவை, ரத்தம் உண்டா, என்ன சாப்பிட்டீங்க, எடை எவ்வளவுனு ஒரு நோட்ல எழுதுங்க. டாக்டர் கேட்கும்போது திருதிருனு முழிக்க வேண்டாம்.

* பேதிக்குப் பயந்து பட்டினி கிடக்காதீங்க. கஞ்சி, இட்லி, வாழைப்பழம், ஓ.ஆர்.எஸ். தண்ணி. காபி குடலை உசுப்பிவிடும். காபி விளையுற ஊர்ல பொறந்து அதைத் தள்ளி வைக்கிறது கொடுமைதான்... என்ன பண்ண!

* ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்துற மாத்திரையை மெடிக்கல்ல வாங்கிப் போடாதீங்க. சில வலி மாத்திரைகள் குடல் புண்ணைக் கிளறிவிடும். டாக்டரைக் கேட்காம வேண்டவே வேண்டாம்.

* வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்துகூடப் பிரியலையா? ரத்தம் நிக்காம தலை சுத்துதா? ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, உடனே 108.

* பீட்ரூட் சாப்பிட்டா சிவப்பாவும், இரும்புச்சத்து மாத்திரை போட்டா கறுப்பாவும் போகும். அலறுறதுக்கு முன்னாடி முந்தின நாள் மெனுவை யோசிங்க!

சொல்லிடுங்க மக்களே...

ராத்திரி ரெண்டு மணிக்கு கூகுள்ல தேடினா, ரெண்டே கிளிக்ல கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடும். நான் அப்படி நாலு நாள் தூங்கலை. அஞ்சாவது நாள் ரூம்மேட்கிட்ட சொன்னேன். சிரிப்பான்னு நினைச்சேன். "லூஸாடா நீ, இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"னு திட்டிட்டு, கிளாஸ்ல கதவோரமா இருந்த அவன் இடத்தை எனக்குக் கொடுத்துட்டான். யார்கிட்டயும் சொல்ல முடியலைனா 14416-க்கு போன் போடுங்க. அரசோட 'டெலி மானஸ்' மனநல உதவி எண், இலவசம்.

டி.பி.னு வந்தா அரசு ஆஸ்பத்திரியில மருந்து ஃப்ரீ. சத்தான சாப்பாட்டுக்கு மாசம் 500 ரூபாய்னு 2018-ல் ஆரம்பிச்ச உதவி, 2024 நவம்பர்லேர்ந்து 1,000 ரூபாய். குடல் அழற்சினு வந்தா? அதே குடும்பத்து நோயான பெருங்குடல் அழற்சியை வெச்சுக்கிட்டுதான் ஷின்ஸோ அபே ஜப்பான் பிரதமரா இருந்தார். 2007-ல் உடம்பு முடியாம பதவி விலகினார். 2012-ல் திரும்பி வந்து, 2020-ல் மறுபடி விலகுற வரைக்கும் கிட்டத்தட்ட எட்டு வருஷம் ஆண்டார். நாம செமஸ்டர் எழுத முடியாதா என்ன?

எனக்கு எந்த ரிசல்ட் வரும்னு தெரியாது. நாளைக்குக் காலையில முதல் பஸ். கூட அப்பாவும் வர்றார். "வழியில வயித்தைக் கலக்குச்சுனா சொல்லு தம்பி, நான் வண்டியை நிறுத்தச் சொல்றேன்"னார். ரெண்டு மாசமா எனக்கு வேண்டியிருந்த மருந்து இதுதான்னு அப்பத்தான் புரிஞ்சுது!