கால் அடிபட்ட கோழியைக் காப்பது எப்படி?

கிராமங்களில் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வளரும் நாலைந்து நாட்டுக் கோழிகள் குடும்பத்தின் சில்லறைச் செலவுக்கும் குழந்தைகளின் முட்டைக்கும் கைகொடுப்பவை. நன்றாக அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும் கோழி ஒன்றை இழந்தால், அதன் விலையோடு அடுத்த அடையில் பொரிக்கவிருந்த பத்துக் குஞ்சுகளும் நஷ்டமாகின்றன. ஆயினும் கோழிக்குக் கால் ஒடிந்தால் பலர் அன்றைக்கே குழம்புக்கு அறுத்து விடுகின்றனர். வேறு சிலர், தானாகச் சரியாகட்டும் என்று மற்றக் கோழிகளுடனேயே விட்டு விடுகின்றனர். அதிகச் செலவில்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு.

கால் அடிபட்ட கோழி பெரும்பாலும் அந்த அடியினால் சாவதில்லை. தீனிக்கும் தண்ணீருக்கும் எட்ட முடியாமலும், மற்றக் கோழிகள் கொத்தியும், புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துமே சாகிறது. இம்மூன்றையும் தடுத்தால் பல கோழிகளைக் காப்பாற்றலாம்.

அடியா, நோயா?

கோழி நொண்டினால் முதலில் இதைத்தான் தீர்மானிக்க வேண்டும். நோயை அடி என்று எண்ணிக் கட்டுப் போட்டுக் கொண்டிருந்தால், அதற்குள் மற்றக் கோழிகளுக்கும் நோய் பரவி, கொட்டிலே காலியாகி விடக்கூடும்.

அடிபட்ட கோழி திடீரென ஒரு காலைத் தூக்கிக் கொண்டு நொண்டும். அந்த இடத்தில் வீக்கம், சூடு, காயம் அல்லது கோணல் தெரியும். தீனி தின்பதில் ஆவல் இருக்கும். கொண்டை சிவப்பாகவே இருக்கும்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயில் கோழி சோர்ந்து, தீனி எடுக்காமல், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கால், இறக்கைகள் செயலிழந்து, கழுத்தும் திருகிக் கொள்ளும். இரண்டு முதல் ஐந்து மாத வயதுக் கோழி ஒரு காலை முன்னும் மற்றொரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்தால், அது மேரக்ஸ் என்னும் வாத நோயாக இருக்கலாம். சின்னக் குஞ்சுகளின் கால் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டால், ‘பி2’ வைட்டமின் குறைவு காரணமாகலாம். இறக்கைக்கு அடியில் இளம் உண்ணிகள் கூட்டமாக ஒட்டியிருந்தாலும் கோழிக்குக் கால் விழுந்து விடும். ஆகவே இறகை விலக்கிப் பார்ப்பது அவசியம்.

ஒரே சமயத்தில் இரண்டு மூன்று கோழிகள் நொண்டினாலும், கழிச்சலோ மூச்சுத் திணறலோ சேர்ந்து இருந்தாலும், அடி என்று கருத வேண்டாம். அவற்றை உடனே தனியே பிரித்து, கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

முதல் நாள் கவனிப்பு

கோழியைத் துரத்திப் பிடித்தால் ஒடிந்த எலும்பு மேலும் நொறுங்கும். அந்தி சாய்ந்து கோழி அடங்கிய பின் மெதுவாக எடுப்பது நல்லது. இரத்தம் வடிந்தால் காத்திருக்காமல் ஒரு துணியைப் போர்த்திப் பிடிக்கலாம். தலையைத் துணியால் மூடினால் கோழி அமைதியாகும். மார்பை மட்டும் இறுக்கிப் பிடிக்கலாகாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு வரும்.

இரத்தம் வடியும் இடத்தைச் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். பிறகு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் இரண்டு சிறு தேக்கரண்டி உப்பிட்டுக் காயத்தைக் கழுவி, பொவிடோன் அயோடின் மருந்து தடவலாம். காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசினால் ஈ அண்டாது. சாணம், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காயத்தில் இடுவது தவறு.

விரலில் நைலான் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை வெட்டி எடுக்காவிட்டால் விரல் கறுத்து விழுந்து விடும்.

கட்டுப் போடும் முறை

செதில் மூடிய கால் தண்டு ஒடிந்து, தோல் கிழியாமல் இருந்தால், வீட்டிலேயே கட்டுப் போடலாம். ஒருவர் பிடித்துக் கொள்ள, மற்றவர் காலை மெல்ல நேராக்கி, மெல்லிய பஞ்சைச் சுற்ற வேண்டும். அதன் மேல், கணுக்கால் மூட்டுக்குக் கீழிருந்து பாதம் வரை எட்டும் மழமழப்பான மூங்கில் சிம்புகள் மூன்றை வைத்து, காடாத் துணிப் பட்டையால் சுற்றி ஒட்டுநாடா ஒட்டவும். விரல்கள் வெளியே தெரிய வேண்டும். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். உடனே தளர்த்திக் கட்ட வேண்டும்.

பெரிய கோழிக்குச் சுமார் மூன்று வாரமும், குஞ்சுக்கு ஏறத்தாழ இரண்டு வாரமும் கட்டு இருக்கலாம். பிரித்த பின்னும் ஒரு வாரம் அடைத்து வைத்தே வெளியில் விடவும்.

இறகும் சதையும் மூடிய தொடை எலும்பு ஒடிந்தால் வீட்டில் கட்டு நிற்காது. கோழியை நடமாட விடாமல் ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டவும். எலும்பு வெளியே துருத்தினாலும், விரல்கள் உணர்ச்சியற்றுக் குளிர்ந்திருந்தாலும் தாமதம் கூடாது.

பாதத்தின் அடியில் கட்டி வீங்கி, நடுவில் கறுத்த பொருக்கு இருந்தால் அது சீழ்க்கட்டி. வெதுவெதுப்பான உப்பு நீரில் பாதத்தை ஊற வைத்து, மருந்திட்டுக் கட்டலாம். பிளேடால் கீறுவது ஆபத்து.

தனி இடமும் தீனியும்

அகலமான கூடையோ அட்டைப் பெட்டியோ போதும். அடியில் இரண்டு அங்குலத்துக்கு உமி அல்லது காய்ந்த வைக்கோல் பரப்பவும். காற்றோட்டமும் நிழலும் தேவை. மற்றக் கோழிகளின் சத்தம் கேட்கும் தூரத்தில் வைத்தால் கோழி மிரளாது.

படுத்த நிலையிலேயே அலகு எட்டும் இடத்தில் கவிழாத மண் சட்டியில் தண்ணீர் வைக்க வேண்டும். கோடையில் நாளைக்கு மூன்று முறை மாற்றவும். நனைத்த நொய், கம்பு, தவிட்டுடன் முருங்கைக் கீரையும் பொடித்த கிளிஞ்சலும் கொடுக்கலாம். நாள்தோறும் எச்சத்தை அகற்றி, கோழியைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவும். இல்லாவிடில் மார்பில் புண் உண்டாகும். கோழியைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவ மறக்கலாகாது.

மனிதருக்கான வலி மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாளைக்கு அதன் முட்டையையும் இறைச்சியையும் உண்ணக் கூடாது என்று கேட்டறியவும். மூன்று நாட்கள் கழித்தும் தீனி எடுக்காமல் மெலியும் கோழியைத் துன்புறுத்தி வைத்திருப்பதில் பயனில்லை. அடிபட்டவுடன் அறுப்பது அவரவர் முடிவு. ஆனால் நோயுற்ற கோழியை உண்ணவோ விற்கவோ கூடாது. நோயால் இறந்ததைச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

வராமல் தடுக்க

அந்தியில் குஞ்சுகளின் மேல் பஞ்சாரம் கவிழ்க்கும்போது, விளிம்பில் கால் சிக்குகிறதா என்று சுற்றிலும் பார்த்துக் கவிழ்க்கவும். கோழிகளைக் காலில் கட்டித் தலைகீழாகச் சந்தைக்குக் கொண்டு போவதால் மூட்டு நழுவுகிறது; கூடையில் எடுத்துச் செல்லவும். கிளறாதிருக்கக் காலில் கயிறு கட்டும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கோழி அடையும் கட்டை, முனை மழுங்கியதாக, இரண்டடி உயரத்துக்கு மிகாமல் இருக்கட்டும். கூட்டின் சந்துகளை மண் பூசி அடைத்தால் உண்ணிகளுக்குப் புகலிடம் இராது. குஞ்சு பொரித்த முதல் வாரத்திலும், எட்டாவது வாரத்திலும் ராணிக்கெட் தடுப்பு மருந்து தவறாமல் கொடுத்து வந்தால், கோழி நொண்டும்போது நோயோ என்னும் அச்சமும் பெருமளவு குறையும்.

தனி இடம், அலகுக்கு எட்டும் தண்ணீர், அசையாத கால், அன்றாடக் கவனிப்பு ஆகிய நான்கையும் மூன்று வாரம் கடைப்பிடித்தால், குழம்புக்குப் போகவிருந்த கோழி மீண்டும் குஞ்சுகளுடன் கொல்லையில் மேய வாய்ப்புண்டு.