பாங்கு இந்தி

தில்லிக்கு வரும் நம்மவர்களுக்குக் காய்கறிக்கடை இந்தி ஆறே மாதத்தில் வந்துவிடுகிறது. பாங்கு இந்திதான் வருவதில்லை. கௌண்டருக்கு உட்புறம் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் தொகை. 'ஸவா லாக்' 1,25,000. 'டேட் லாக்' 1,50,000. நம் ஒன்றேகால், ஒன்றரை மாதிரிதான். வம்பு 'பௌனே'யில் இருக்கிறது. 'பௌனே தோ லாக்' என்றால் இரண்டு லட்சத்துக்குக் கால் லட்சம் குறைவு, அதாவது 1,75,000. காதில் விழுந்த 'தோ'வை மட்டும் பிடித்துக்கொண்டால் 25,000 ரூபாய் உதைக்கும். 'உன்ஸட்' என்பதும் அறுபத்துச் சொச்சம் அல்ல, 59. சந்தேகம் வந்தால் 'லிக்கர் தீஜியே' என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

'கல்' நேற்றுக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். 'செக் கல் ஆயா' என்றால் நேற்று வந்தது. 'கல் ஆயேகா' என்றால் நாளை வரும். வினைச்சொல் வரும்வரை பொறுத்துக் கேட்க வேண்டும். தமிழிலும் வினை கடைசியில்தானே வருகிறது!

'பாக்கீ' என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் கடன் பாக்கியோ என்று பதறுகிறார்கள். 'காத்தே மே கித்னா பாக்கீ ஹை?' என்றால் கணக்கில் எவ்வளவு மீதம் என்றுதான் பொருள். கடன் கணக்கைப் பற்றிய பேச்சானால் மட்டுமே நாம் கட்ட வேண்டியது.

இலக்கணத்தில் 'னே' தொல்லை உண்டு. 'மை பைஸா ஜமா கியா' என்பது நம்மவர் இந்தி. 'மைனே பைஸே ஜமா கியே' என்பது சரியானது. இறந்தகாலத்தில் செயப்படுபொருளின் பாலையும் எண்ணையும் பார்த்து வினை மாறும். 'பர்ச்சீ' பெண்பால், ஆகவே 'மைனே பர்ச்சீ பரீ'. இதில் தவறினாலும் காசு போகாது, விடுங்கள்.

ஆனால் 'நிகாலே', 'நிக்லே' இரண்டும் வேறு. முன்னது எடுத்தது, பின்னது தானாக வெளிவந்தது. மெஷினில் பணம் வராமல் கணக்கில் கழிந்துபோன ஒரு மூதாட்டி, 'மைனே பைஸே நிகாலே' என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். எடுத்ததாக ஒப்புக்கொள்கிறார் என்று எண்ணி அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது இது: 'பைஸே நஹீ நிக்லே, லேகின் காத்தே ஸே கட் கயே.' மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யாரோ எடுத்துவிட்டால், 'மைனே நஹீ நிகாலே'. புகார் கொடுத்த ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது போனில் 'ஆப்கா காத்தா பந்த் ஹோ ஜாயேகா' என்று மிரட்டி ஓ.டி.பி. கேட்கிறார்கள். எந்த பாங்கும் அதைக் கேட்காது. 'மை பிராஞ்ச் ஆகர் பாத் கரூங்கா' என்று சொல்லி வைத்துவிடுங்கள். பெண்கள் 'கரூங்கீ' என்று முடிக்கவேண்டும்.