பெயர் மாறினால் போதுமா?

கேரளத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நல அமைச்சராக இருந்த திரு. கே. ராதாகிருஷ்ணன், ஆலத்தூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டமையால், 2024 ஜூன் 18ஆம் நாள் பதவி துறந்தார். துறக்குமுன் அவர் பிறப்பித்த உத்தரவு நம் அனைவரின் சிந்தனைக்கும் உரியது. பட்டியல் மக்களின் குடியிருப்புகளைக் 'காலனி', 'சங்கேதம்', 'ஊர்' என இனி வழங்கலாகாது. 'நகர்', 'உன்னதி', 'பிரகிருதி' என்பன போன்றவற்றையோ, அவ்விடத்தார் விரும்பும் பிற பெயரையோ வைக்கலாம் என்பதே அதன் சாரம். தமிழ்நாட்டிலும், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

எலப்புள்ளி முதலான எல்லையோரச் சிற்றூர்களில் வாழும் நம்மவர்க்கும் இவ்வாதம் அயலானதன்று. பெயரை மாற்றினால் கூரை ஒழுகாது நின்றுவிடுமோ என்பர் ஒரு சாரார். முகவரியைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் உலகில், பிள்ளைகள்மேல் அம்முகவரியை ஏன் சுமத்தவேண்டும் என்பர் மறுசாரார். இரண்டிலும் நியாயம் உண்டு.

சொல் தன்னளவில் குற்றமற்றது என்பது மெய்யே. எம்போன்ற ரயில்வே ஊழியர் குடியிருக்குமிடமும் 'ரயில்வே காலனி'தான். அதனை எழுத எவரும் நாணுவதில்லை. ஆனால் 'பாண்டி' என்னும் சொல்லை எண்ணிப்பாருங்கள். பாண்டிய நாட்டின் பெருமையைத் தாங்கிய பெயர் அது. பள்ளியில் நம் குழந்தையை ஒருவன் அவ்வாறு ஏளனமாய் விளிக்கையில், மதுரை மாநகரின் மாண்பா அவன் நெஞ்சில் நிற்கிறது? கண்கலங்கி வீடு திரும்பும் குழந்தையிடம், சொல்லின் பொருள் உயர்ந்ததென்று கூறி நாம் அமைவோமா? அவ்வாறிருக்க, பிறரைக் 'காலனிக்காரர்' என்று சுட்டும்பொழுது மட்டும் அகராதியைத் துணைக்கழைப்பது முறையன்று.

எனின், எப்பெயரைச் சூட்டுவது? வரலாறு ஒருவாறு விடை தருகிறது. 'பறையர்', 'பஞ்சமர்' என்பவற்றை விலக்கி 'ஆதிதிராவிடர்' என வழங்கவேண்டுமென, அம்மக்களின் தலைவரான எம். சி. ராஜா சென்னைச் சட்டசபையில் வேண்ட, 1922இல் அரசு அதனை ஏற்றது. அப்பெயர் நிலைத்தது. காந்தியடிகள் பரப்பிய 'ஹரிஜன்' என்பதோ, நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், அம்மக்களுள் பலர்க்கு உவப்பாகவில்லை. அண்ணல் அம்பேத்கரும் அதனை ஏற்றிலர். 1982இல் மத்திய அரசே அச்சொல்லை விலக்குமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று.

எமது இலாகாவிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்தது. 2018இல் கட்டணச் சலுகைப் படிவங்களில் பழைய சொற்களை நீக்கி, 'திவ்யாங்ஜன்' என்பதைப் புகுத்தினர். உடற்குறையைத் தெய்வத்தன்மையெனப் போற்றுவதினும், உரிமையும், ஏறிச்செல்லச் சாய்தளமும் தருவதே மேலென மாற்றுத்திறனாளிகள் பலர் அச்சொல்லை முன்னரே மறுத்திருந்தனர்.

'ஊர்' என்பதை விலக்கியதும் ஆராயத்தக்கது. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகியோர் தம் வாழிடத்தைத் தாமே 'ஊர்' என்பர். அவர்தம் தலைவர் மூப்பன். அவர்தம் அவை ஊர்க்கூட்டம். அது பிறர் இட்ட பெயரன்று, பழந்தமிழ்ச் சொல்லுங்கூட. அதனை இழிவெனக் கருதுவானேன்? பெயரைச் சுமப்போரைக் கேட்டுப் பெயரிடுதலே நேரிய வழி.

இறுதியாக ஒன்று. மலையாளத்தில் 'வந்நு' என்னும் ஒரே வினை எல்லோர்க்கும் பொது. தமிழிலோ 'வந்தான்' என்றும் 'வந்தார்' என்றும் வேறுபடும். ஆதலின் நமக்கு மரியாதை பெயரில் மட்டுமன்று, வினையின் முடிவிலும் உள்ளது. குடியிருப்புக்கு 'நகர்' எனப் பெயர்ப்பலகை நாட்டிவிட்டு, அங்கு வாழும் முதியவரை 'வாடா, போடா' என்போமாயின் பலகையால் விளைவது யாது? தெருவைத் தூய்மை செய்பவரையும் 'வந்தார், சென்றார்' என்றே நம் இல்லங்களில் கூறுவோம். குழந்தைகள் கேட்டுப் பழகட்டும். இதற்கு எந்த அரசின் உத்தரவும் வேண்டுவதில்லை.