கண்ணுக்குள் வைக்கும் கண்ணாடி: விலையைத் தரையிறக்கிய மதுரை!

"யாரது?" என்று குரலை வைத்தே ஆளை அடையாளம் காணும் கிழவி ஒருத்தி, முன்பெல்லாம் சூரமங்கலத்தில் தெருவுக்குத் தெரு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். கண்ணில் புரை. வயது போனால் கண் போகும், அது விதி என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள்.

இப்போது அப்படி விடுவதில்லை. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள்ளேயே சின்னஞ்சிறு லென்ஸ் ஒன்றை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பாட்டி பேரனின் முகத்தைப் பார்க்கிறாள். அரிசியில் கல் பொறுக்குகிறாள்!

அந்த லென்ஸ் எங்கே செய்தது? பல பேருடைய கண்ணில் இருப்பது மதுரைச் சரக்கு. சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் நாமக்கல், கரூர், திண்டுக்கல், அப்புறம் மதுரை. அவ்வளவு பக்கம். ஆனால் 1992-க்கு முன்பு அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. ஒன்றின் விலை சுமார் 100 டாலர். அன்றைய கணக்கில் 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல். கூலி வேலை செய்யும் குடும்பம் எங்கே போகும்?

சோடாப்புட்டிக் கண்ணாடி

நம் கண்ணுக்குள் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. வயது ஏற ஏற அது பால் கலந்த தண்ணீர்போல் மங்குகிறது. அதுதான் புரை. சொட்டு மருந்தில் அது கரையாது. எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எடுத்த பிறகு? முன்பு தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். பொருள்கள் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் சரியாகத் தெரியாது. மாட்டுக்குப் புல் போடும்போது கண்ணாடி விழுந்து உடைந்தால், அன்று முதல் மறுபடியும் இருட்டு.

இதற்கு வழி கண்டவர் ஹரால்ட் ரிட்லி என்ற இங்கிலாந்து டாக்டர். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலருடைய கண்ணுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துணுக்குகள் பாய்ந்தன. அவற்றால் கண் புண்ணாகவில்லை. 'அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்தால் என்ன?' என்று நினைத்தார் ரிட்லி. 1949-ல் லண்டனில் செய்தும் காட்டினார். சக டாக்டர்கள் பாராட்டவில்லை, எதிர்த்தார்கள்! பல வருஷங்கள் கழித்தே உலகம் ஏற்றுக்கொண்டது.

விரல் வளைந்த டாக்டர்

மதுரைக் கதைக்கு நாயகர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-ல் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். ராணுவ டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் தாக்கி, கை விரல்கள் வளைந்துபோயின. பேனா பிடிக்கவே முடியாத கை. அந்தக் கையைப் பழக்கிப் பழக்கிக் கத்தி பிடித்தார். லட்சம் பேருக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார்!

1976-ல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வயது 58. மற்றவர்கள் சாய்வு நாற்காலி வாங்கும் வயது. அவர் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கட்டடம் எழும்ப வீடு அடமானம் போனது. குடும்பத்துப் பெண்களின் நகையும் போனது. அந்தப் பெண்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆஸ்பத்திரியின் முதல் மூலதனம் அவர்கள் கழுத்திலிருந்தும் வந்தது.

பணம் உள்ளவர் கட்டணம் தருவார். இல்லாதவருக்கு இலவசம், அல்லது மிகக் குறைந்த செலவு. இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர்கள். இந்தக் கணக்கு பலித்தது. ஆனால் லென்ஸில் வந்து முட்டியது. காசுள்ளவருக்குக் கண்ணுக்குள் லென்ஸ், ஏழைக்குச் சோடாப்புட்டி என்று ஆயிற்று. வெளிநாட்டு நன்கொடையாக லென்ஸ்கள் வந்தன. நன்கொடையை நம்பி எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்ய முடியும்?

பணம் கொடுத்தது யார்?

நாமே செய்வோம் என்ற யோசனை பிறந்தது. "ஏழை நாட்டுக்கு இவ்வளவு நுணுக்கமான தொழில் எதற்கு? கண்ணாடி போதாதா?" என்று நிபுணர்கள் சிலரே கேட்டார்கள்.

பயம் இருக்கத்தானே செய்யும்? செய்வது சோப்பு அல்ல, சீப்பு அல்ல. கண்ணுக்குள் வைக்கும் பொருள். ஒரு தூசி, ஒரு கீறல் போதும், பார்வை போய்விடும்.

லாபம் தேடும் முதலாளி இதில் பணம் போடுவாரா? விலையைக் குறைப்பதே நோக்கம் என்று சொல்லும் தொழிலில் அவருக்கு என்ன கிடைக்கும்? அதனால் பணம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை கை கொடுத்தது. 1978-ல் அதைத் தொடங்கியவர்களில் வெங்கடசாமியும் ஒருவர். அதன் ஆரம்ப காலத்தில் நன்கொடை தந்தவர்களில் ஆப்பிள் கம்ப்யூட்டர் புகழ் ஸ்டீவ் ஜாப்ஸும் உண்டு! டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் கூடவே நின்று உழைத்தார். அமெரிக்கக் கம்பெனி ஒன்றிடமிருந்து தொழில்நுட்பம் விலைக்கு வாங்கப்பட்டது. 1992-ல் 'அரோலேப்' பிறந்தது.

இந்த உதவியில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லென்ஸ் வாங்கிக் கொடுக்கப் பணம் கொடுத்தால் அது வருஷா வருஷம் தீர்ந்துபோகும். லென்ஸ் செய்யும் இயந்திரத்துக்கும் பயிற்சிக்கும் கொடுத்தால்? ஒரு தடவை கொடுத்தது போதும். பிறகு தொழிற்சாலை தன் வருமானத்திலேயே நடக்கும். அரோலேப் அப்படித்தான் நடந்தது. அது ஒரு டிரஸ்ட். பங்குதாரர் கிடையாது. மிஞ்சும் பணம் மறுபடியும் தொழிலுக்கே போகிறது.

100 டாலர் லென்ஸ் 10 டாலருக்கு வந்தது. பிறகு 5 டாலருக்கும் கீழே இறங்கியது.

இப்போது இந்த மாதிரித் தொழில்களுக்குக் கை கொடுக்க நம் நாட்டிலேயே ஆட்கள் உண்டு. சென்னையில் 2001-ல் தொடங்கிய வில்குரோ அதற்கென்றே இருக்கிறது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

கிராமத்துப் பெண்கள்

மதுரை வீரபாஞ்சானில் இருக்கும் அரோலேப் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, தூசி நுழையாத அறையில் உட்கார வைக்கிறார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடை. கண்ணும் கையும் மட்டுமே வேலை செய்கின்றன. லென்ஸ் பெரிதாக இருந்தால் ஒரு பச்சைப் பட்டாணி அளவு. அதைப் பூதக் கண்ணாடியின் கீழ் வைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

கண் ஆபரேஷனுக்கு வேண்டிய தையல் நூலும் மருந்தும் அங்கேயே தயாராகின்றன. 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சரக்கு போகிறது.

வெங்கடசாமி 2006 ஜூலை 7-ந் தேதி காலமானார். அன்றும் மதுரைத் தொழிற்சாலை லென்ஸ்கள் வெளிநாட்டு ஆபரேஷன் அறைகளில் பிரிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.