கால் போச்சு, கை இருக்கு!



பரீட்சைப் பேப்பர் கொடுத்த அன்னைக்கு வகுப்புல அதிகம் கேட்கிற வார்த்தை "எனக்கெல்லாம் இது வராதுப்பா" என்பதுதான். (கணக்குப் பேப்பர் என்றால் கேட்கவே வேண்டாம்!) இதுதான் மனச்சோர்வு. இப்படி இருக்கும்போது பெரியவங்க "விசுவாசமா இரு, ஜெபம் பண்ணு" என்று சொல்வார்கள். சரி, விசுவாசம் சோர்வை எப்படி மாற்றுகிறது? அதை ஒரு டாக்டரின் வாழ்க்கையிலிருந்து பார்க்கலாம்.

மேரி வர்கீஸ் கேரளாவில் 1925-ல் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே டாக்டரானார். 1954-ல் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு அடிபட்டதால் இரண்டு கால்களும் செயலிழந்தன. வயது முப்பதுகூட ஆகவில்லை. அவர் உடனே சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார் என்று நினைக்காதீங்க. அவரும் சோர்ந்துதான் போனார்.

பைபிளில் எலியா தீர்க்கதரிசியும் இப்படித்தான். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, நான் சாகிறேன் என்கிறார் (1 இராஜாக்கள் 19). கடவுள் அவரைத் திட்டவில்லை. தூதன் வந்து சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து எழுப்புகிறான். சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாம் தடவையும் சாப்பாடுதான்! அதற்குப் பிறகே பயணமும் வேலையும். சோர்ந்துபோவது பாவம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

மேரிக்கு அந்த அடையைக் கொண்டுவந்தவர் டாக்டர் பால் பிராண்ட் என்று சொல்லலாம். தொழுநோய் கையிலுள்ள நரம்பைக் கெடுத்துவிடும். தசை பலம் இழந்து விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிவிடும். நல்லா இருக்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, இடம் மாற்றி, விரலோடு இணைத்தால் விரல் மறுபடி நீளும். பிராண்ட் இந்த ஆபரேஷனில் பெயர் பெற்றவர். நோயாளியின் கையை மேஜைமேல் வைத்து, டாக்டர் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். இதற்குக் கால் எதற்கு?

மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். அவருடைய ஜெபத்தால் கால் திரும்பி வரவில்லை. அதை மறைக்காமல் சொல்லணும். ஆனால் "என் கால் எங்கே?" என்ற கேள்வி "என் கையை வைத்து என்ன செய்யட்டும் ஆண்டவரே?" என்று மாறியது. விசுவாசம் செய்த வேலை அதுதான். சும்மா காத்திருப்பதை நான் நம்பிக்கை என்று சொல்லமாட்டேன்.

அப்புறம் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார்.

விருதைவிடப் பெரியது வேலூர் பாகாயத்தில் 1966-ல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம். மரத்திலிருந்து விழுந்தவர்கள், விபத்தில் முதுகு ஒடிந்தவர்கள் எல்லாம் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், தானே உடுத்தவும், வேலை செய்யவும் அங்கே பழகுகிறார்கள். அவர் இருந்த நாட்களில், "இனிமே நமக்கு என்ன இருக்கு" என்று படுத்திருந்தவர்களிடம் அவர்களைப் போலவே சக்கர நாற்காலியில்தான் வருவார், டாக்டர் மேரி.